சகாயசெல்விக்கு ஒதுக்கிய அணி

திண்டுக்கல் பக்கத்துச் சனங்களுக்குப் பட்டிமன்றம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். மாரியம்மன் கோயிலானாலும் சரி, அந்தோணியார் கோயிலானாலும் சரி, மேடையில் இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவே ஒரு நடுவர் உட்கார்ந்துவிட்டால் போதும், பிள்ளைகுட்டிகளோடு பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். வீட்டைத் தாங்குவது மாமியாரா மருமகளா, நிம்மதி இருப்பது கிராமத்திலா நகரத்திலா, தலைப்பு எதுவாக இருந்தால் என்ன? யார் யாரை மடக்கினார்கள் என்பதுதான் மறுநாள் டீக்கடைப் பேச்சு. பேசுகிறவர் தான் பேசுவதை நம்புகிறாரா என்று மட்டும் எவரும் கேட்கமாட்டார்கள். கேட்பது மரியாதையும் இல்லை.

சகாயசெல்வி 1991-லிருந்து அந்த மேடைகளில் பேசியவள். நகரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் வரலாற்று டீச்சர். குரலை உயர்த்தாமலே கடைசி வரிசைக்குக் கேட்கவைக்கும் தொண்டை. நடுவர் மலைச்சாமிக்கு அவள் மேல் தனி மதிப்பு. மலைச்சாமி தொழிலுக்கு இன்சூரன்ஸ் ஏஜெண்ட். சாவைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசிப் பழகிய ஆள். எந்த அணி தோற்கும் என்று ஊருக்கே தெரியுமோ, அந்த அணியைத்தான் அவளுக்குக் கொடுப்பார். "தோக்குற கட்சிக்கு நல்ல வக்கீல் வேணும் தங்கச்சி. இல்லேன்னா சனம் அரை மணி நேரத்துல பாயச் சுருட்டிரும்" என்பார்.

அணி ஒதுக்குவதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். நடுவரே பேச்சாளர் வீட்டுக்கு வருவார். எவர்சில்வர் தட்டில் வெற்றிலை பாக்கு, இரண்டு வாழைப்பழம், தலைப்பையும் அணியையும் எழுதிய ஒரு சீட்டு. தட்டைக் கையில் வாங்கிவிட்டால் அந்த அணி உங்களுடையது. மாற்றிக் கேட்பது வழக்கமில்லை. பத்து வருஷத்தில் சகாயசெல்வி ஒரு தட்டையும் மறுத்ததில்லை.

அவள் புருஷன் ரொனால்டு வந்து மாட்டியதே ஒரு பட்டிமன்றத்தில்தான். 1994-இல் ராணுவத்திலிருந்து லீவில் வந்திருந்தான். பெண்ணுக்கு அழகு அடக்கமா துணிச்சலா என்ற தலைப்பில் அவள் அடக்கத்துக்காக உருகி உருகிப் பேசினாள். கேட்டுவிட்டு, மறுநாளே அம்மா செபாஸ்தியம்மாளைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்டு வந்துவிட்டான். கல்யாணமாகி ஒரு வாரத்தில் பாவம், விஷயம் தெரிந்துபோயிற்று. "அடிப்பாவி, அது குடுத்த அணியா?" என்று கேட்டுவிட்டு அன்றைக்கு முழுக்கச் சிரித்தான். சிரிக்கத் தெரிந்த மனுஷன்.

ரொனால்டு பாலம் போடுவது, பாதை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, எடுப்பது என்று வேலை பார்க்கும் பிரிவில் ஹவில்தார். 2001 டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு வந்தவன் குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. டெல்லியில் நாடாளுமன்றத்தைத் தாக்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. லீவு ரத்து, உடனே திரும்பு என்று உத்தரவு. குடிலை அப்படியே போட்டுவிட்டு ரயில் ஏறினான். லட்சக்கணக்கில் ராணுவத்தை எல்லையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ரொனால்டு ராஜஸ்தான் மணலில் கண்ணி புதைத்துக்கொண்டிருந்தான். வாரம் ஒரு கடிதம் வரும். எந்த ஊர் என்று எழுதக்கூடாது, என்ன வேலை என்று எழுதக்கூடாது. குளிர், மணல், சப்பாத்தி, நீ எப்படி இருக்கிறாய், மகள் அனிஷா ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாளா, அவ்வளவுதான்.

சகாயசெல்விக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. புருஷன் முழுசாக வீடு வந்து சேரவேண்டும். அதற்காக ஜெபமாலை சொன்னாள். ஜெபமாலையோடு நிற்கிற பெண்ணா அவள்? பள்ளி நூலகத்தில் இங்கிலீஷ் பேப்பர், தமிழ்ப் பேப்பர் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தாள். போர் வருமா வராதா, வராமல் இருக்க என்ன வழி என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுத ஆரம்பித்தாள். அவள் எதற்கு நோட்டுப் போட்டாலும் பட்டிமன்றத்துக்குப் போடுகிற மாதிரியேதான் போடுவாள். வலப்பக்கம் நம் அணி சொல்லவேண்டியது. இடப்பக்கம் எதிரணி என்ன சொல்லும் என்பது. இந்த நோட்டில் வலப்பக்கத் தலைப்பு "அடி". இடப்பக்கத் தலைப்பு "அணை". வலப்பக்கம் நாலு பக்கத்தோடு நின்றுவிட்டது. இடப்பக்கம் பதினாலு பக்கம் போயிற்று.

அந்த இடப்பக்கத்துக்கு விதை போட்டது கணக்கு டீச்சர் நர்கீஸ். பேகம்பூர்க்காரி, ஸ்டாப் ரூமில் அடுத்த நாற்காலி, எட்டு வருஷச் சினேகிதி. பாகிஸ்தான் பேச்சு வந்தாலே திருத்தவேண்டிய நோட்டுகளை இழுத்து வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வாள். ஒருநாள் மணியடித்து மற்றவர்கள் வகுப்புக்குப் போனபின் சகாயசெல்வி விடவில்லை.

"நீ மட்டும் ஏன் ஒண்ணுமே சொல்லமாட்டேங்கிற?"

"நீ சொன்னா கருத்து. நான் சொன்னா விசாரணை" என்றாள் நர்கீஸ். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னாள். "பக்கத்து வீட்ல கேஸ் கசியுதுன்னு வையி. உள்ள ஒரு கிறுக்கன் தீப்பெட்டியோட நிக்கிறான். நம்ம போயிக் கதவ ஒடச்சா அவன் உரசிருவான். அவனுக்கும் அதான வேணும்? அந்த வீட்டுப் பெரிய மனுசன் நம்மகூட காலமெல்லாம் வம்பு பண்ணவன்தான். நல்லவன்னு நான் சொல்லல. ஆனா ரெகுலேட்டர் அவன் கைக்குத்தானே எட்டும்? அவன் கீழ விழுந்துட்டா யாரு போயி மூடுறது?"

கணக்கு டீச்சர் கணக்காகத்தான் பேசினாள். சகாயசெல்வி அதைப் பிடித்துக்கொண்டு எழுதிக்கொண்டே போனாள். அணுகுண்டு வைத்திருக்கிற நாடு உடைந்து சிதறினால் முதல் சேதம் பக்கத்து வீட்டுக்கு. வெறி பிடித்த கூட்டம் நாம் அடிக்கவேண்டும் என்றுதான் காத்திருக்கிறது. அடித்தால் அந்த ஊர்ச் சனம் மொத்தமும் அந்தக் கூட்டத்தின் பின்னால் போய் நிற்கும். அந்த நாட்டுக்கு அமெரிக்கா கொடுக்கிற பணத்தைச் சும்மா கொடுக்காமல், வெறியர்களுக்கு நிழல் கொடுக்கும் தளபதிகள் கையைக் கட்டுகிற மாதிரி கொடுக்கச் சொல்லி நாம் நெருக்கவேண்டும். பள்ளிக்கூடத்துக்கும் ஓட்டுப் பெட்டிக்கும் அந்த ஊரில் ஆதரவு தரவேண்டும். ஆற்றுத் தண்ணீரில் கை வைக்கக்கூடாது. எல்லையில் படை நிற்கட்டும், ஆனால் போன் கம்பியை அறுக்கக்கூடாது. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது, இதை டெல்லிக்காரன் எவனாவது படித்தால் தன் புருஷன் வீட்டுக்கு வந்துவிடுவான் என்று அவளுக்கு மனசாரத் தோன்றியது. சிரிக்காதீர்கள். பயத்தில் இருக்கிறவள் எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிற்கவேண்டும்.

மே மாதம் ஜம்மு பக்கம் ராணுவக் குடும்பங்கள் தங்கியிருந்த இடத்தில் தீவிரவாதிகள் புகுந்து பெண்டு பிள்ளைகளைக் கொன்றுபோட்டார்கள். நாடே கொதித்தது. இன்றைக்குப் போர், நாளைக்குப் போர் என்று டிவி அலறியது. அந்த வாரம்தான் மலைச்சாமி தட்டோடு வந்தார். அந்தோணியார் திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு பட்டிமன்றம். தலைப்பு: "பக்கத்து நாட்டை வழிக்குக் கொண்டுவருவது அடியா, அணைப்பா?"

தோற்கிற அணி அணைப்பு என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அந்த அணி தனக்குத்தான் என்று சகாயசெல்வி ஆசையோடு தட்டை வாங்கிவிட்டாள். பிறகுதான் சீட்டைப் பிரித்தாள். "அடி" என்று எழுதியிருந்தது.

"என்னண்ணே இது? எனக்கு அடியா?"

"பின்ன? ஒன் வீட்டுக்காரரு எல்லையில நிக்கிறாரு. நீ எந்திரிச்சு 'அடி'ன்னு சொன்னா சனம் அம்புட்டும் அழுதுரும் தங்கச்சி. பத்து வருசமாத் தோக்குற அணியாக் குடுத்து ஒன்னையக் கொடுமப் பண்ணிட்டேன். ஒரு தடவ ஜெயிச்சுப் பாரு."

நல்ல மனசோடுதான் சொன்னார், அதுதான் கேடு. தட்டு அவள் கையில் இருந்தது. பேச்சு வெறும் பேச்சுதானே, மேடையை விட்டு இறங்கினால் போயிற்று என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு பழத்தை எடுத்து அனிஷாவிடம் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயில் மைதானம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் பங்குச் சாமியார், ஏன் இந்தத் தலைப்புக்குச் சரி சொன்னோம் என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அணைப்பு அணிக்கு பிராங்கிளின் என்ற காலேஜ் வாத்தியார். பாவம், அந்தப் பையன் பைபிளைத் தவிர எதையும் படித்துக்கொண்டு வரவில்லை. பகைவனை நேசி, ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டு என்று அரை மணி நேரம் அன்பைக் காய்ச்சி ஊற்றினான். கேஸும் இல்லை, ரெகுலேட்டரும் இல்லை. அவன் உளறுவதைக் கேட்கக் கேட்க, இறங்கிப்போய் இடப்பக்கத்துப் பதினாலு பக்கத்தையும் அவன் கையில் கொடுத்துவிடலாமா என்றிருந்தது சகாயசெல்விக்கு. கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

எழுந்து மைக்கைப் பிடித்தாள்.

"தம்பி பிராங்கிளின் கன்னத்தைக் காட்டச் சொல்கிறார். கார்கிலில் ஒரு கன்னம் காட்டினோம். நாடாளுமன்றத்தில் ஒரு கன்னம் காட்டினோம். ஜம்முவில் தாயும் பிள்ளையும் தூங்கிய வீட்டில் இன்னொரு கன்னம் கேட்கிறான். தம்பி, மனுஷனுக்கு ஆண்டவர் கொடுத்ததே இரண்டு கன்னம்தானே!"

மைதானம் அதிர்ந்தது. விசில் பறந்தது. பத்து வருஷமாகத் தோற்கிற அணியில் பேசியவளுக்கு இப்படி ஒரு கைதட்டல் கிடைத்ததில்லை. அது ஒரு போதை, இல்லையென்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அந்தப் போதையில் நோட்டில் எந்தப் பக்கத்திலும் எழுதாத ஒன்று வாயில் வந்துவிட்டது.

"என் புருஷன் அங்கேதான் நிற்கிறார். அவருக்காக யாரும் தயங்கவேண்டாம். அனுப்புங்கள்! திரும்பி வந்தால் எனக்குப் புருஷன். வராவிட்டால் இந்த நாட்டுக்குப் பிள்ளை!"

பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மலைச்சாமி எழுந்து நின்று கும்பிட்டார். தீர்ப்பு என்ன என்று சொல்லவும் வேண்டுமா? பொன்னாடை போர்த்தினார்கள். மறுநாள் உள்ளூர்ப் பேப்பரில் அவள் போட்டோவோடு கொட்டை எழுத்தில் அந்த வரியே தலைப்பாக வந்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் தவளையைவிட நன்றாகப் பேசிக் கெட்டாள்.

மாமியார் செபாஸ்தியம்மாளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். தலைப்பை முழுசாகப் படித்து முடிக்க அவளுக்குச் செத்த நேரம் பிடித்தது. படித்துவிட்டுப் பேப்பரை மடித்துத் தரையில் வைத்தாள்.

"பெத்தது நானு. என் மகன யாரைக் கேட்டுடி ஊருக்குத் தூக்கிக் குடுத்த?"

"அத்த, அது பட்டிமன்றம். சும்மா பேச்சு..."

"சும்மா பேசுறதுக்கு ஒனக்கு என் மகன் உசுருதான் கெடச்சுச்சா?"

ஸ்டாப் ரூமில் எல்லாரும் கை கொடுத்தார்கள். நர்கீஸ் மட்டும் தன் பாட்டுக்கு டிபன் பாக்ஸைத் திறந்து, "இடப்பக்கத்துல எழுதுனத என்னடி பண்ணுன?" என்று மெதுவாகக் கேட்டாள். சகாயசெல்வி தன் டிபன் பாக்ஸைத் திறக்காமலே பைக்குள் வைத்தாள்.

இதெல்லாம் போகட்டும், மறந்துவிடக்கூடியது. ஒரு வாரம் கழித்து மலைச்சாமி போன் பண்ணினார். "தங்கச்சி, ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கேன். அந்தப் பேப்பரக் கத்தரிச்சு, ஒன் வீட்டுக்காரருக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிட்டேன். கோயில் கமிட்டிக்காரங்கதான் விலாசம் குடுத்தாங்க. சந்தோசப்படுவாருல்ல!"

ரிசீவரை வைத்துவிட்டு அன்றே உட்கார்ந்து கடிதம் எழுதினாள். அது கொடுத்த அணி, என் மனசில் உள்ளது அதுவல்ல, உங்களுக்குத் தெரியாததா, கோபப்படாதீர்கள் என்று நாலு பக்கம். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. வெயில் அதிகம், தண்ணீர் ரேஷன், அனிஷாவுக்குப் பல் விழுந்துவிட்டதா. அந்தப் பேப்பரைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அடுத்ததிலும் இல்லை. தபாலே போய்ச் சேரவில்லையோ என்று நம்பிப் பார்த்தாள். ரிஜிஸ்டர் தபால் கையெழுத்தோடு திரும்பி வந்த அட்டையை மலைச்சாமியே பெருமையாகக் காட்டினார்.

போர் வரவில்லை. யார் யாரோ பேசினார்கள், யார் யாரோ நெருக்கினார்கள். அக்டோபரில் படையைத் திருப்பி அழைப்பதாக அறிவித்தார்கள். சகாயசெல்வி கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஆனால் மற்றவர்கள் திரும்பினாலும் கண்ணி புதைத்தவர்கள் திரும்ப முடியாதே! புதைத்ததை எடுக்கவேண்டாமா? ராஜஸ்தான் மணல் ஒரு இடத்தில் நிற்காது. காற்றடித்தால் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும், புதைத்த கண்ணியும் கூடவே நகர்ந்துவிடும். வரைபடத்தில் ஒரு இடத்தில் இருக்கும், மண்ணில் வேறு இடத்தில் இருக்கும். 2003 மார்ச்சில், போர் இல்லாத ஒரு காலை நேரத்தில், நம் ஆட்களே புதைத்த ஒரு கண்ணி ரொனால்டின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. எதிரி நாட்டிலிருந்து ஒரு தோட்டா அவன் பக்கம் வந்ததில்லை.

புனேயில் செயற்கைக் கால் பொருத்தினார்கள். அவள் போய் இரண்டு மாதம் கூட இருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருநாள் துணிந்து கேட்டாள். "அந்தப் பேப்பரு வந்துச்சாங்க?"

"அத விடு" என்றான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பவில்லை, கோபிக்கவும் இல்லை. அத விடு, அவ்வளவுதான். விடவேண்டியதை அவள் எப்படி விடுவாள்? ஊருக்கு வந்தபிறகும் ஒவ்வொரு நாளும் மறுபடி கேட்க நினைத்தாள். செபாஸ்தியம்மாள் மகனுக்குச் சோறு போடும்போது மருமகள் முகத்தைப் பார்ப்பதில்லை. ரொனால்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை போட்டான். நன்றாகத்தான் பேசினான், சிரித்தான், அனிஷாவைத் தோளில் உட்காரவைக்க முடியாததற்கு வருத்தப்பட்டான். அந்த ஒன்றை மட்டும் பேசவில்லை.

2004 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மலைச்சாமி தட்டோடு வந்தார். காலம் மாறியிருந்தது. இரண்டு நாட்டுத் தலைவர்களும் கை குலுக்கியாயிற்று, கிரிக்கெட் டீம் போய் ஆடிவிட்டு வந்தாயிற்று. தலைப்பும் மாறியிருந்தது: "எல்லையில் அமைதி தருவது பேச்சுவார்த்தையா, படைபலமா?" இந்தத் தடவை அவளுக்குப் பேச்சுவார்த்தை அணி. அதுதான் ஜெயிக்கும் அணி என்று மலைச்சாமி கண்ணடித்தார். அவள் கை நீட்டவில்லை. தட்டு ஸ்டூல் மேல் இருந்தது.

ரொனால்டு நாற்காலியில் உட்கார்ந்து காலைக் கழற்றிப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தான். விபத்துக்குப் பிறகு மலைச்சாமி அவனை நேரில் பார்ப்பது அதுதான் முதல்முறை. என்ன பேசுவதென்று தெரியாமல் அவருக்குத் தெரிந்த நல்ல விஷயத்தையே பேசினார்.

"தம்பி, ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு பேப்பர் அனுப்புனனே, கெடச்சுச்சா?"

சகாயசெல்வி காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கெடச்சுச்சு சார்" என்றான் ரொனால்டு. "எங்க சுபேதாரு தர்மபுரிக்காரரு. தபால அவருதான் பிரிச்சாரு. சாயங்காலம் எல்லாத்தையும் டென்டுக்கு வெளிய உக்கார வச்சு, சத்தமா வாசிச்சாரு. ரெண்டு தடவ வாசிச்சாரு."

"பாத்தியா! எல்லாரும் என்ன சொன்னாங்க?"

"கைதட்டுனாங்க சார். பாதிப் பேரு கண்ணு கலங்கிட்டாங்க."

"நீங்க?"

"நானுந்தான் தட்டுனேன். எல்லாரும் என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாங்கல்ல."

மலைச்சாமி சிரிக்கப்போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அடுப்படி வாசலில் செபாஸ்தியம்மாள் வந்து நின்றாள். சகாயசெல்வி புருஷன் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையை அவளால் அடக்க முடியவில்லை.

"அது குடுத்த அணிங்க. ஒங்களுக்குத் தெரியாதா? ஒங்களுக்குமா தெரியாது?"

"எனக்குத் தெரியும் செல்வி. வாசிச்ச ஆளுக்குத் தெரியாதுல்ல."

"எம்மேல கோவம்னு ஒரு வரி எழுதியிருக்கலாம்ல. நான் எம்புட்டு நாளு..."

"என்னத்த எழுதச் சொல்ற?" என்றான் ரொனால்டு. "அந்தப் பேப்பருல கடைசி வரியில, நீ ஜெயிச்சுட்டேன்னுல்ல போட்டிருந்துச்சு."